மூன்று வரிசை மக்காச்சோளம்

மக்காச்சோளம் வளர்க்கப் பெரிய தோட்டம் எதுவும் வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் வெயில் விழும் இடமிருந்தால் போதும். ஒரே நீள வரிசையாக நட்டால் மணி சரியாகப் பிடிக்காது. அடுத்தடுத்து மூன்று வரிசையாக நட வேண்டும். ஒரு செடியின் உச்சிக் கொண்டையிலிருந்து கொட்டும் தூள் பக்கத்துச் செடியின் கதிர்நூலில் விழ வேண்டும், அதற்காக. ஏழு வருஷமாக நான் மூன்று வரிசை, வரிசைக்கு எட்டுச் செடி என்று போட்டு வருகிறேன். வெள்ளிக்கிழமை நீங்கள் அதற்கு நடுவே நின்றிருந்தீர்கள் மேடம். தோகை உங்கள் கையில் கீறியிருக்கிறது. ஏதாவது களிம்பு தடவுங்கள், இரண்டு நாளில் போய்விடும்.

எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று சொன்னீர்கள். அதனால் செடியிலிருந்து தொடங்கினேன். எழுதிக்கொள்கிறவருக்கு ஒரு வார்த்தை. தாளை அவ்வளவு தள்ளிப் பிடிக்கிறார், வெள்ளெழுத்து வந்து இரண்டு வருஷமாவது இருக்கும். ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டால் சாயங்காலத் தலைவலி நின்றுவிடும். தொழில் புத்தி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் தொழில் மூக்குக்கண்ணாடி. வீட்டின் முன்னறைதான் கடை. சுவரில் எழுத்து அட்டை, எதிரே உயர நாற்காலி, மூலையில் லென்ஸ் தேய்க்கிற இயந்திரம், அதன் பக்கத்தில் தேய்த்ததைச் சரிபார்க்கிற கருவி. பிறகு ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு அறை, சமையலறை, பின்வாசல், மக்காச்சோளம்.

வீட்டில் நானும் தங்கையும்தான். எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வருஷ வித்தியாசம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. கடையில் வேலை பழகிக்கொண்டே இரட்டைப் பின்னல் போடவும் பழகினேன். இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. இன்றைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். அவளுக்குப் பார்வை ரொம்பக் குறைவு. அப்படித்தான் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

ஐந்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் பின்பக்கம் போவேன். பின்வாசல் நிலையிலிருந்து முதல் செடி வரை இடுப்பு உயரத்தில் ஒரு நைலான் கயிறு கட்டியிருக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டு பாப்பா பதினேழு எட்டு எடுத்து வைத்து வந்து நாற்காலியில் உட்காருவாள். நான் முக்காலியில் ஏறி, பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, செடியில் நடப்பதைச் சொல்வேன். ரேடியோ வர்ணனை மாதிரி.

ஒரு மக்காச்சோளச் செடியில் எத்தனை பேர் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. நடுக்குருத்துக்குள் படைப்புழு இருக்கும். ஆள் வெளியே தெரியாது. ஈரமான மரத்தூள் மாதிரி எச்சம் கிடந்தால் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். அவனைத் தேடிக்கொண்டு குளவி வரும், ஒவ்வொரு தோகை இடுக்காக எட்டிப் பார்க்கும். உச்சிக் கொண்டையில் அசுவினி, ஊசிமுனை அளவுதான், சாம்பல் பூசிய பச்சை, நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். அதைத் தின்னப் பொறிவண்டு வரும். வண்டை விரட்ட எறும்பு வரும்.

"இன்ஸ்பெக்டர் வந்தாச்சா?" என்பாள் பாப்பா. பொறிவண்டுக்கு அவள் வைத்த பேர். கோபித்துக்கொள்ளாதீர்கள், அப்போது உங்களை எங்களுக்குத் தெரியாது.

"வந்தாச்சு. மூணாவது செடி, மேல் தோகை."

"கைது பண்ணிட்டாரா?"

"எங்க? நாலு எறும்பு சேர்ந்து காலைக் கடிச்சுத் தள்ளுது. இதோ, விழுந்துட்டார்."

"அடப்பாவமே. கடமையைச் செய்ய வந்த மனுஷன்."

இப்படித்தான் எங்கள் மாலைகள் போகும். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு முக்காலியில் நிற்பதுதான் எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு.

எனக்குப் பிடித்தது எறும்புதான். அது அசுவினியை மாடு மேய்ப்பதுபோல் மேய்க்கிறது. முதுகில் உணர்கொம்பால் தட்டினால் அசுவினி ஒரு சொட்டு இனிப்பு நீர் விடும், எறும்பு குடித்துக்கொள்ளும். பதிலுக்குக் காவல் நிற்கும். தோகை காய்ந்துபோனால் ஒவ்வொன்றாக வாயில் கவ்விப் பச்சைத் தோகைக்குக் கொண்டுபோய் விடும். இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் குழையும் என்று பாப்பா கேலி செய்வாள்.

ஒருநாள் கேட்டாள்: "அசுவினிக்கு றெக்கை உண்டாண்ணா?"

"சிலதுக்கு முளைக்கும்."

"அப்ப ஏன் பறந்து போகல?"

"எங்க போகணும்? வேணுங்கிறதெல்லாம் இங்கயே இருக்கே."

நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். பிறகு, "அதுகளைக் கேட்டுப் பாத்தியா?" என்றாள்.

சரி, பார்வை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதற்காகத்தான் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இருபத்திரண்டு வயதில் பாப்பாவுக்கு வேலை கிடைத்தது. நில அளவைத் துறையில் வரைபடம் வரைகிற வேலை, ரயிலில் பதினான்கு மணி நேரம் போக வேண்டிய ஊரில். அவள் கை அப்படி. பேனா முனையால் தலைமுடி தடிமனில் ஒரு கோடு இழுத்தால் தாளின் அந்தக் கடைசி வரை அதே தடிமனில் போகும். உத்தரவு வந்த அன்றே பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள். பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாளும் பெட்டி நடு அறையில் திறந்தே கிடந்தது. நான் அதைத் தாண்டித் தாண்டிப் போனேன்.

அவளுக்குச் சின்னக் குறை ஒன்று இருந்தது. சிலர் கண்ணில் வளைவு ஒரு திசையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதற்கு லென்ஸையும் சரியான கோணத்தில் திருப்பி வைத்துத் தேய்க்க வேண்டும். ஊருக்குப் போகிறவளுக்குப் புதுக் கண்ணாடி செய்து கொடுத்தேன். பத்து டிகிரிக் கோணத்தில் வைக்க வேண்டியதை நூறு டிகிரியில் வைத்துவிட்டேன். கைத்தவறு. என் தொழிலில் எவனுக்கும் எப்போதாவது நேரும். இதைத் தயவுசெய்து தனியாகக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் கண்ணாடி உண்மையிலேயே கைத்தவறு.

அப்படித் தேய்த்த கண்ணாடியைப் போட்டால் தரை ஒரு பக்கம் சாயும். படி, இருக்கிற இடத்தில் தெரியாது. ரயில் நிலையப் படியில் பாப்பா கால் வைத்த இடத்தில் படி இல்லை. ஏழெட்டுப் படி உருண்டாள். கணுக்கால் எலும்பு விட்டுப்போனது. காலுக்குக் கட்டுப் போட்டு, ஸ்டேஷனுக்கு வந்த ஆட்டோவிலேயே வீட்டுக்குத் திரும்பினோம்.

அன்று மாலை அந்தக் கண்ணாடியைக் கருவியில் வைத்துப் பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருபது நிமிஷத்தில் மாற்றித் தேய்த்துவிடலாம். இயந்திரத்தைப் போட்டும்விட்டேன். உள்ளே அவள் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம், தான் விழுந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பெட்டி எனக்கு முன்னாடி கீழ போய் நின்னு என்னை வரவேற்குது அக்கா" என்றாள். இரண்டு பேரும் சிரித்த சத்தம் கடை வரைக்கும் வந்தது. வீட்டில் அப்படிச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தேன்.

இயந்திரத்தை அணைத்துவிட்டேன். நடந்தது அவ்வளவுதான். ஒரு பொத்தான்.

"கண்ணாடியில ஏதாச்சும் கோளாறாண்ணா?" என்று கேட்டாள்.

"கண்ணாடி சரிதான் பாப்பா. கண்ணுதான்..." என்றேன். வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளே முடித்துக்கொண்டாள்.

கால் ஆற இரண்டு மாதம் பிடித்தது. அதற்குள் சொட்டு மருந்தைத் தொடங்கியிருந்தேன். கண்ணைச் சோதிக்கும்போது கண்மணியை விரிக்க ஒன்று விடுவோம். அதில் வீரியமானது ஒன்று உண்டு. விட்டால் மூன்று நாலு நாளைக்குக் கிட்டத்தில் இருப்பது கலங்கும், வெயில் ஊசியாகக் குத்தும். நரம்புக்கு மருந்து என்று சொன்னேன். மூன்று நாளுக்கு ஒருமுறை நானே விடுவேன். கிட்டத்தில் இருப்பதை மருந்து பார்த்துக்கொண்டது. தூரத்தில் இருப்பதைக் கண்ணாடி பார்த்துக்கொண்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அட்டைக்கு எதிரே உட்கார வைத்துச் சோதிப்பேன், கொஞ்சம் மாற்றித் தேய்ப்பேன். ஒவ்வொரு முறையும் ஒரு வரி குறையும். அவள் மேல்வரி பெரிய எழுத்தையே தடவித் தடவிச் சொல்லும்போது நான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வேன். நம்ப மாட்டீர்கள்.

வரைபட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவளால் படிக்க முடியவில்லை, நான் படித்துக் காட்டினேன். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகப் படித்தேன். கடிதத்தில் இன்னும் மூன்று மாதம் காத்திருப்பதாக எழுதியிருந்தார்கள்.

பத்தொன்பது வருஷம். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். பரவாயில்லை, கேளுங்கள். தெருவில் என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதில் பொய் இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கேயும் போகவில்லை. போக முடியாது மேடம், மூன்று நாளுக்கு ஒருமுறை மருந்து விட்டாக வேண்டுமே. நண்பன் மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. எனக்குக் குடலிறக்கம் வந்தபோது அறுவைக்குப் படுத்தால் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு இன்றுவரை ஓட்டுகிறேன். அந்த வீட்டில் அடைந்து கிடந்தது அவள் ஒருத்தி மட்டும் என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது.

மக்காச்சோளம் போட்டதற்குக் காரணம் பின்பக்கச் சுவர். அது தாழ்ந்த சுவர். தையல்காரம்மா அதற்கு மேலே தலையை நீட்டி, "ஏம்மா, ஒரே ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரியில காட்டிப் பாரேன்" என்று ஆரம்பித்துவிடுவாள். "வீட்டிலயே கண்ணாடிக் கடை இருக்கும்போது எதுக்கு அக்கா?" என்பாள் பாப்பா. ஆனால் அடுத்த நாள் என்னிடம், "ஒரு தடவை காட்டலாமாண்ணா?" என்று கேட்பாள். மக்காச்சோளம் இரண்டு மாதத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். பழைய வரிசை காய்வதற்குள் அடுத்த வரிசை விதைத்துவிடுவேன். சுவர் மறைந்தது. பேச்சும் மெதுவாக நின்றது. பூச்சிகள் பிறகு தாமாக வந்தவை.

இந்த வருஷம் படைப்புழு ஊரெங்கும் பரவிவிட்டது என்று விவசாய அலுவலகத்திலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். வயல் மட்டுமல்ல, வீட்டுத் தோட்டங்களிலும் எண்ண வேண்டுமாம். இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, ஸ்கூட்டரில் வருவாள். இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். ஐந்து செடியைத் தேர்ந்தெடுத்துக் குருத்தை விரித்துப் பார்த்து அட்டையில் குறித்துக்கொள்வாள். எந்த ஊருக்கு எப்போது போக வேண்டும் என்பதும் அந்த அட்டையிலேயே இருக்கும்.

"நான் பூச்சி ஆபீஸ் அக்கா" என்றாள் முதல் நாள்.

"பேரே பூச்சியா, வேலைதான் பூச்சியா?" என்றாள் பாப்பா.

"எங்க வீட்ல ரெண்டும்தான்னு சொல்வாங்க."

அன்றிலிருந்து அவள் பூச்சி. நானும் அப்படியே சொல்கிறேன்.

நல்ல பெண். அதை மறுக்க மாட்டேன். வாய் மட்டும் ஓயாது. குருத்துக்குள் தலையை விட்டுக்கொண்டே பாப்பாவிடம் பேசுவாள். பாப்பா அவளுக்காகத் திங்கட்கிழமையே தலைக்குக் குளித்துவிடுவாள். மாலை வர்ணனையின்போது, "பூச்சி இதை வேற மாதிரி சொன்னாளே" என்று இடைமறிக்க ஆரம்பித்தாள்.

"கண்ணு சரியாயிடுச்சுன்னா முதல்ல என்னக்கா பண்ணுவீங்க?" என்று பூச்சி ஒருநாள் கேட்டாள். நான் பின்வாசலில் நின்றிருந்தேன்.

"ஸ்டேஷன் போவேன்."

"எந்த ஊருக்கு?"

"ஊர் அப்புறம். முதல்ல அந்தப் படியில ஏறி இறங்கணும். எனக்கும் அதுக்கும் ஒரு பாக்கி இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பத்தொன்பது வருஷமாக ஒரு நாள்கூட என்னிடம் அந்தப் படியைப் பற்றி அவள் பேசியதில்லை.

நான்காவது செவ்வாய்க்கிழமை, மருந்து விட வேண்டிய நாள் தள்ளிப்போயிருந்தது. சரக்கு வரத் தாமதம். பூச்சி விளையாட்டாகத் தன் கைலென்ஸைப் பாப்பாவிடம் கொடுத்து, "அந்தக் கண்ணாடியைக் கழட்டிட்டு இதை வெச்சுப் பாருங்கக்கா" என்றாள். பாப்பா ஒரு தோகையை மூக்கருகே பிடித்தாள். "என்னமோ ஊருது" என்றாள். பிறகு, "வரிசையா ஊருது" என்றாள்.

பூச்சி அவள் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். "இவ்வளவு வெயில்ல ஏன் அக்காவுக்குக் கண்மணி இவ்ளோ பெரிசா இருக்கு சார்?"

"நரம்புக் கோளாறும்மா. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"என் சித்தி பொண்ணு கண் ஆஸ்பத்திரியில நர்ஸ் சார். அடுத்த செவ்வாய் இங்க மறுபடி எண்ண வரேன், புழு ஜாஸ்தியா இருக்கு. மறுநாள் கார் எடுத்துட்டு வந்து அக்காவைக் கூட்டிட்டுப் போயிக் காட்டிடுறேன். உங்களுக்கும் கடையை விட முடியாதில்ல?"

"ரொம்ப நல்லது" என்றேன்.

பாப்பாவிடம் அவள் தனியாக வேறொன்றும் சொல்லியிருக்கிறாள். நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு வாரம் அந்த மருந்து இல்லாமல் இருந்து பாருங்கள் என்று. சமையலறை அலமாரியில் இருக்கும் சின்ன மருந்துப் புட்டியைக் கழுவி, அதில் கொதித்து ஆறிய தண்ணீரை நிரப்பி வைத்திருக்கிறாள் பாப்பா. நான் அந்தத் தண்ணீரை மூன்று நாளுக்கு ஒருமுறை சிரத்தையாக விட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு மங்கல் விளக்கில் விடுவது வழக்கம். அந்த வெளிச்சத்தில் யாருக்கும் கண்மணி விரிந்துதான் இருக்கும். பகலில் வெயில் குத்தாமலிருக்க நான் செய்து கொடுத்த கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பாள். முப்பது வருஷத் தொழில்காரன் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பூச்சி பத்தரைக்கு வந்தாள். கொண்டைகள் எல்லாம் பூத்திருந்தன. ஐந்தாவது செடியில் குனிந்து பார்த்தவள் நிமிர்ந்தபோது கொண்டையிலிருந்து தூள் கண்ணில் கொட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை உங்களிடம் இப்படித்தான் சொன்னேன். இப்போது திருத்திக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்று அந்தக் கொண்டையை வளைத்து உதறியது நான்தான்.

"ஐயோ, கண்ணெல்லாம் மணலா இருக்கு சார்."

"தேய்க்காதேம்மா. கடைக்கு வா, கழுவி விடுறேன்."

உயர நாற்காலியில் உட்கார வைத்தேன். தண்ணீரால் கழுவினேன். பிறகு இழுப்பறையிலிருந்து பாப்பாவின் சின்னப் புட்டிக்கு மருந்து ஊற்றுகிற பெரிய பழுப்புப் புட்டியை எடுத்து இரண்டு கண்ணிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டேன். எரிச்சல் அடங்கும் என்றேன். அந்த மருந்து உடனே வேலை செய்யாது, அரைமணி நேரமாகும். அதனால் பாப்பாவை டீ போடச் சொன்னேன். பூச்சியின் அட்டையில் அடுத்த இடம் நெடுஞ்சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

மூன்று பேரும் கடையில் உட்கார்ந்து டீ குடித்தோம். நாளைக்கு எத்தனை மணிக்குக் கார் வரும், என்ன எடுத்து வர வேண்டும் என்று அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். "பெட்டி கட்டிடாதீங்க அக்கா, சாயங்காலமே திரும்பிடலாம்" என்றாள் பூச்சி. போகும்போது வாசலில் நின்று, "லேசாக் கூசுது சார்" என்றாள்.

"காத்து பட்டா சரியாயிடும்" என்றேன்.

என் கடையில் இந்த மருந்து விட்ட யாரையும் வண்டி ஓட்ட அனுப்பியதில்லை. ஒருவரையும். கூட ஆள் வராவிட்டால் அந்தச் சோதனையையே செய்ய மாட்டேன். தொழிலில் நான் அவ்வளவு சுத்தம்.

பாப்பா டம்ளர்களை எடுக்க மேசைக்கு வந்தாள். ஃபிரேம் பெட்டிக்குப் பின்னால் புட்டி இருந்தது. "அவ கண்ணுல என்னண்ணா விட்டே?" என்று கேட்டாள்.

"கழுவுற மருந்து."

டம்ளர்களைக் கீழே வைத்தாள். பிறகு ஓடினாள். உயர நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, இயந்திரத்தின் மேல் இடிக்காமல், வாசல் இரண்டு படியையும் காலால் துழாவாமல் இறங்கி, தெருவில் நின்று, "பூச்சி, பூச்சி" என்று கத்தினாள். வண்டி தெருமுனையில் திரும்பிவிட்டிருந்தது. நான் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன். கயிறு இல்லாமல் அவ்வளவு வேகமாக எப்படி நடந்தாள் என்று ஒரு கணம் தோன்றியது. பதற்றத்தில் சிலருக்கு அப்படி வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்ததை நான் பார்க்கவில்லை. உங்கள் அறிக்கையில் இருப்பதுதான் எனக்கும் தெரியும். உச்சி வெயில், எதிரே லாரி. சாலை வளைந்தது. அவள் வண்டி நேராகப் போனது.

பாப்பா அன்று மாலையே தையல்காரம்மா வீட்டுக்குப் போய் உங்களுக்குப் போன் செய்திருக்கிறாள். துக்கம் தாங்காமல் அழப் போகிறாள் என்று நினைத்து நானே அந்த வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். பழுப்புப் புட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து உங்களிடம் கொடுத்ததும், ஆய்வகத்திலிருந்து முடிவு வரும்வரை ஒன்றும் தெரியாததுபோல் இருக்கச் சொல்லி நீங்கள் சொன்னதும் எனக்கு எப்படித் தெரியும்? மூன்று நாள் எனக்குச் சமைத்துப் போட்டாள். மாலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பேச்சுத்தான் குறைந்திருந்தது. நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்றிருந்தேன். வீடு பழையபடி அமைதியாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த மூன்று நாளும் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

வெள்ளிக்கிழமை முக்காலியில் ஏறி வழக்கம்போல் ஆரம்பித்தேன். எறும்பு ஒன்று அசுவினியைக் கவ்விக்கொண்டு கீழ்த் தோகைக்குப் போகிறது என்றேன். பாப்பா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். பக்கத்துத் தோகையை வளைத்து முகத்தருகே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"றெக்கை முளைச்சது ஒண்ணு இருக்கு இங்க" என்றாள். "எறும்பு அந்த றெக்கையைக் கடிச்சுத் துண்டாக்கிப் போடுதுண்ணா."

நான் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தேன்.

"ஏழு வருஷமா தினம் பாக்குறே. இதை மட்டும் ஏன் எனக்குச் சொல்லல?"

"சொன்னா நீ வருத்தப்படுவே பாப்பா" என்றேன். எனக்கு அதுதான் வாயில் வந்தது. அது உண்மையும்கூட. அப்போதுதான் இரண்டாம் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் நடுவிலிருந்து நீங்கள் வெளியே வந்தீர்கள்.

அவ்வளவுதான் மேடம். பூச்சியின் கண்ணில் அந்த மருந்தை விட்டது நான். என்ன ஆகும் என்று தெரிந்தே விட்டேன். பாப்பாவின் கண்ணில் பத்தொன்பது வருஷம் விட்டதும் நான். ஆஸ்பத்திரியில் அந்தப் பழைய சின்னக் குறையைத் தவிர அவள் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். அதை அவர்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். என்ன தண்டனை கொடுத்தாலும் எனக்கு வருத்தமில்லை.

ஒன்றுதான் ஆறவில்லை. பூச்சி கைலென்ஸைக் கொடுத்த அந்த முந்தின செவ்வாயிலிருந்து இந்த வெள்ளி வரை பத்து நாள், எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே, ஒன்றும் தெரியாதவள் மாதிரி என் எதிரில் உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளை நம்பினேன். கூடப் பிறந்தவனை இப்படி ஏமாற்ற ஒருத்திக்கு எப்படி மேடம் மனசு வருகிறது?